உறையாத நீரில் தூண்டில்

தை மாதத்துப் பிற்பகல் ஒன்றில் ஒருவர் தம் வீட்டை விட்டுப் புறப்பட்டு, ஏரிக்கரையை அடைந்து, கரையில் நில்லாமல் ஏரியின்மேலேயே நடந்து செல்கிறார் என்று சொன்னால், கண்டி நகரத்து நேயர்கள் அதனைச் சித்தர் கதை என்றே எண்ணுவர். ஆயினும் கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்தில் இது குளிர்காலந்தோறும் நிகழும் செயல். ரொறன்ரோ நகருக்கு வடக்கே ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் சிம்கோ என்னும் பேரேரி உண்டு. கடுங்குளிரில் அதன் மேற்பரப்பு உறைந்து பாளமாகிவிடும். அப்பாளத்தின்மேல் நடந்து, அதில் துளையிட்டு, துளையின் வழியே தூண்டிலை இறக்கி மீன் பிடிப்பது அந்நாட்டவரின் பழைய வழக்கம். யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையகத்திலிருந்தும் சென்று அங்கே குடியேறிய தமிழரிலும் சிலர் இவ்வழக்கத்தைக் கற்றுக்கொண்டுள்ளனர்.

அங்கே குளிர்காலத்துப் பகல் குறுகியது. டிசம்பர் மாத இறுதியில் மாலை ஐந்து மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும். ஆகவே மீனை நாடுவோர் நண்பகலிலேயே பனிமேல் இருப்பர். அவர்கள் முதலிற் செய்ய வேண்டியது பாளத்தின் கனத்தை அளந்தறிவது. ஒருவர் நடந்து செல்வதற்குத் தெளிந்த பனிக்கட்டி பத்துச் சென்ரிமீற்றர் கனமேனும் இருத்தல் வேண்டும். நுரைத்து வெளுத்த கட்டியாயின் அதன் வலிமையிற் பாதியை மட்டுமே நம்பலாம். தச்சரின் துறப்பணத்தைப் பெரிதாக்கினாற் போன்ற கருவியொன்றைச் சுழற்றி, ஒரு சாண் அகலத்தில் துளையிடுவர். துளையில் மிதக்கும் பனித்துகளைக் கண்ணகப்பையால் அள்ளி அகற்றுவர். தூண்டிற்கோல் முழ நீளத்துக்கு மேற்பட வேண்டியதில்லை. நூலை ஆழத்தில் இறக்கி, இரையை மெல்ல உயர்த்தியும் தாழ்த்தியும் அசைத்தபடி அமர்ந்திருக்க வேண்டியதுதான். சிலர் சிறு குடிலொன்றை இழுத்து வந்து, உள்ளே அடுப்பு மூட்டி, தேநீரும் காய்ச்சிக்கொள்வர். ஏரி டிரவுட்டும், வெண்மீன் என்று அவர்கள் வழங்கும் இனமும் வந்து சிக்கும். ஒன்றும் சிக்காத நாள்களே மிகுதி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மேற்பரப்பு கல்லாக இறுகியிருக்க, கீழே மீன் எவ்வாறு உயிர் வாழ்கிறது? நீருக்குரிய ஒரு விந்தையே இதற்குக் காரணம். மற்றைப் பொருள்கள் பெரும்பாலும் குளிரக் குளிரச் சுருங்கிக் கனத்துக்கொண்டே போகும். நீரோ நான்கு பாகை செல்சியஸ் வரையில்தான் கனக்கும்; அதற்குக் கீழே குளிர்ந்தால் மீண்டும் விரிந்து இலேசாகும். ஆதலால் நான்கு பாகை நீர் அடியிற் படிய, அதனினும் குளிர்ந்த நீர் மேலே நின்று உறைகிறது. உறைந்த கட்டி மிதந்து, கீழுள்ள நீருக்குப் போர்வையாகவும் ஆகிவிடுகிறது. நீர் மற்றப் பொருள்களைப் போன்றதாய் இருந்திருப்பின், குளிர்நாட்டு ஏரிகள் அடியிலிருந்தே உறைந்து, மீனினம் அங்கே அற்றுப் போயிருக்கும். அந்தக் குளிர்ந்த இருளில் மீன்கள் உணவைக் குறைத்துக்கொண்டு மெல்ல அசைந்து திரிகின்றன. கரையோரத்துத் தூண்டிற்காரர் கண்ணால் நீரைப் பார்ப்பர். பனிமேல் அமர்ந்தவரோ விரல் நுனியால் நீரைப் பார்க்கிறார்.

கண்டியில் இதற்கு இடமில்லை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழு பாகையில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் அமைந்த நகரம் அது. மார்கழி, தை மாதங்களின் விடியற்பொழுதிற் கம்பளியைத் தேட வைக்கும் குளிர் உண்டு. எனினும் வெப்பமானி பதினைந்து பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. நுவரெலியாவில், 1,900 மீற்றருக்கு அண்மித்த உயரத்தில், தை மாசி மாதங்களிற் சில விடியல்களிற் புல்நுனிகளில் உறைபனி வெளுத்துக் கிடக்கும். தேயிலைக் கொழுந்து கருகுமே என்று தோட்டங்கள் அஞ்சும் நாள்கள் அவை. அங்குங்கூட, 1873ஆம் ஆண்டில் ஆளுநர் கிரெகரியின் காலத்தில் அமைக்கப்பட்ட ஏரி உறைவதில்லை. வெயிலேறிய ஒரு நாழிகைக்குள் புல்லின் வெண்மையும் மறைந்துவிடும்.

அப்படியானால் உறைந்த குளத்தைத் தமிழர் முன்பு கண்டதேயில்லையோ என்றால், துண்டு துண்டாகக் கண்டிருக்கின்றனர். அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் மாநிலத்துக் குளங்களிற் குளிர்காலத்தில் அறுத்தெடுத்த பனிக்கட்டியை, பிரெடரிக் தியூடர் என்னும் வணிகர் மரத்தூளிற் பொதிந்து கப்பலேற்றி, 1833இல் கல்கத்தாவிற் கொண்டுவந்து விற்றார். சென்னைக் கடற்கரையிலும் 1842இல் அதற்கென ஒரு களஞ்சியம் எழுந்தது. 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதும், இன்று அவர் பெயரால் வழங்குவதும் அக்கட்டடமே. குளத்தையே அறுத்துக் கப்பலில் ஏற்றிய அக்காலத்திலேதான், அதே பனிக்கட்டியின் துணையால் மீனும் கடல் கடந்தது.

இங்கிலாந்து நாட்டு டிரவுட் மீன் குளிர்ந்த நீரில் வாழ்வது. அதன் முட்டைகளைப் பாசியிற் பொதிந்து, பனிக்கட்டி நிறைந்த அறையில் வைத்து, மூன்று மாதக் கடற்பயணத்தின் பின் டாஸ்மேனியாத் தீவில் உயிரோடு சேர்த்தனர். அது 1864ஆம் ஆண்டு. அவ்வெற்றி மற்றைக் குடியேற்ற நாடுகளில் வாழ்ந்த ஆங்கிலேயருக்கும் ஆசையை ஊட்டிற்று. இலங்கைக்கு 1882இல் பழுப்பு டிரவுட் முட்டைகள் வந்தன. நுவரெலியாவின் ஓடைகளில் அவற்றைப் பொரிக்க வைத்து வளர்த்தனர். பழுப்பு மீன் வளர்ந்ததே அன்றித் தன்னிச்சையாகப் பெருகவில்லை. பின்னர்க் கொணர்ந்த வானவில் டிரவுட்டே, 2,100 மீற்றருக்கு மேற்பட்ட ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளிற் குடிகொண்டு இனம் பெருக்கியது. நுவரெலியாவில் மீன்பிடிக் கழகமும் பொரிப்பகமும் அமைந்தன. உரிமச்சீட்டு உடையவரே அவ்வோடைகளில் தூண்டில் வீசலாம். தோட்டத்துரைமார் பனிமூட்டத்திற் கால்முழங்கால் நனைய நின்று, செயற்கை ஈயை நீர்மேல் எறிந்து, தம் தாய்நாட்டுப் பிற்பகலொன்றை மீட்டுக்கொண்டனர். அதனைப் பழிக்க வேண்டியதில்லை. ஊரை விட்டு வந்தவர் எவரும் தம் ஊரின் ஏதோவொன்றைக் கையோடு கொண்டுவரவே விரும்புவர். எனினும் அவ்வோடைகளில் ஏற்கெனவே வாழ்ந்த சிற்றுயிர்கள் என்னவாகும் என்ற கேள்வி அன்று எழவில்லை. இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு கண்டி நகருக்கு இறங்குவோம்.

கண்டியில் நீர் என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது தலதா மாளிகையின் முன்னுள்ள வாவியே. வயலாக இருந்த தாழ்நிலத்தை மறித்து 1807ஆம் ஆண்டில் இதனை அமைத்தவன் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். கண்ணுசாமி என்ற இயற்பெயருடைய அவன், மதுரை நாயக்கர் வழிவந்தவன். 1815இல் அரசிழந்து, வேலூர்க் கோட்டையிற் சிறையிருந்து, 1832இல் அங்கேயே மறைந்தான். அவன் கட்டிய வாவியைச் சிங்கள மக்கள் பாற்கடல் என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். நடுவில் ஒரு சிறு தீவு. கரையோரத்தில் முகில் வடிவில் வளைந்து செல்லும் வெண்சுவர். நிழல் தரும் மரங்கள். மார்கழி மழை ஓய்ந்த பிற்பகலில் அங்கே உலாவுவோர் ஒரு காட்சியைக் காணத் தவறுவதில்லை. பொரியையோ பாண் துண்டையோ ஒருவர் நீரில் இடுகிறார். அமைதியாயிருந்த நீர் கொதிப்பதுபோற் குமுறுகிறது. நூறு வாய்கள் மேலெழுகின்றன. இவ்வளவு மீன் இருந்தும் எவர் கையிலும் தூண்டில் இல்லை. அவ்வாவியில் மீன் பிடித்தல் தடுக்கப்பட்டுள்ளது. அம்மீன்கள் உண்ணப்படுவதற்கல்ல, உண்பிக்கப்படுவதற்கு உரியவை.

இது வாவியோடு பிறந்த வழக்கமும் அன்று. 1660இல் சிறைப்பட்டு, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து, 1679இல் தப்பியோடிய இராபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கில மாலுமி, 1681இல் வெளியிட்ட தம் நூலில் இந்நாட்டார் மீன் பிடிக்கும் முறைகளை விரித்துரைக்கிறார். கலங்கிய குளத்தில் இறங்கி, மேலே குறுகிக் கீழே அகன்ற பிரம்புக் கூடையைச் சேற்றிற் குத்திக் குத்தி வைத்து, உள்ளே அகப்பட்ட மீனை மேல்வாய் வழியே கைவிட்டு எடுப்பார்களாம். தமிழ்நாட்டுக் குளங்களிலும் ஊத்தா என்ற பெயரால் இக்கூடை வழங்குவதை நேயர்கள் அறிவர். அதே பகுதியில் அவர் மற்றொன்றும் கூறுகிறார்: மன்னனின் உவப்புக்காக உணவிட்டு வளர்க்கப்பட்ட மீன்களும் உண்டு, அவற்றைப் பிடிக்க எவருக்கும் துணிவு வராது என்று. பிடிக்கும் மீன் ஒன்று, பேணும் மீன் ஒன்று என்ற இரு நெறிகளும் கண்டி மண்ணில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அருகருகே நின்றிருக்கின்றன.

அருகருகே என்பது உவமையன்று. வாவியின் மிகைநீர் மெத எல என்ற கால்வாயாக நகரைக் கடந்து சென்று மகாவலி கங்கையிற் கலக்கிறது. அக்கங்கையோ கண்டி நகரை மூன்று புறமும் சுற்றி வளைந்து ஓடுகிறது. வாவிக்கரையிலிருந்து அரைமணி நேரம் நடந்தால் ஆற்றங்கரை. தடையில்லாத இடங்களில் அங்கே தூண்டில் உண்டு.

தை மாதப் பிற்பகல் அதற்கு வாய்ப்பானது. கார்த்திகையிலும் மார்கழியிலும் வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது ஆறு செந்நிறமாய்ப் புரளும். அப்போது தூண்டிலிடுவது வீண். தையின் நடுப்பகுதியில் நீர் வடிந்து, தெளிந்து, கற்களின் தோள்கள் வெளியே தெரியும். காலைப் பொழுதில் நீர் குளிர்ந்திருப்பதால் மீனும் மந்தமாக இருக்கும். வெயில் ஏறி நீர் சற்றே சூடு கொள்ளும் இரண்டு மணிக்குப் பின்னரே அது இரை தேடப் புறப்படும். ஞாயிற்றுக்கிழமையாயின் கரையிற் பலரைக் காணலாம். நகரத்துக் கடைச் சிப்பந்தி ஒருவர். பாடநூலை மூடி வைத்துவிட்டு வந்த பேராதனைப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர். ஹந்தானை மலைத் தோட்டத்திலிருந்து மகனை அழைத்துக்கொண்டு இறங்கி வந்த தொழிலாளி ஒருவர். அவர்களுடைய கருவிகள் எளியவை. மூங்கிற் கழி, நைலோன் நூல், சிறு ஈயக்குண்டு, மயிலிறகின் தண்டிற் செய்த தக்கை. இரை மண்புழு, இல்லையேல் கோதுமை மாவைப் பிசைந்த உருண்டை. புழு கிண்டுவதற்குத் தேயிலைச் செடிகளுக்கிடையிலுள்ள கானைவிட நல்ல இடம் இல்லை என்பது தோட்டத்துச் சிறுவர் கண்டறிந்த உண்மை.

தக்கை நிற்கும் விதத்தைப் பார்த்தே என்ன நடக்கிறது என்று தேர்ந்தவர் சொல்லிவிடுவர். இலேசாகத் துடித்தால் குஞ்சு மீன் இரையைக் கொறிக்கிறது. சாய்ந்து ஒரு புறமாக நகர்ந்தால் பெரியது வாயிற் கவ்விக்கொண்டு போகிறது. ஒரேயடியாக மூழ்கினால் விராலாக இருக்கலாம், அல்லது கல்லிடுக்கில் இழுபட்ட கொக்கியாகவும் இருக்கலாம். வழியே செல்பவர் நின்று கேட்பார்: "என்ன அண்ணே, ஏதும் பட்டதா?" கரையில் இருப்பவர் திரும்பாமலே விடை சொல்வார்: "பொறு தம்பி, இப்பதானே வெயில் விழுந்திருக்கு." இவ்வுரையாடலுக்கு மேல் அங்கே பேச்சு வளர்வதில்லை.

சிம்கோ ஏரியிற் பனிக்கட்டியின் கனத்தை அளக்காமல் காலெடுத்து வைப்பவன் எத்துணை அறிவிலியோ, மகாவலியில் நீர்மட்டத்தைக் கவனியாது நடுப்பாறைக்குச் செல்பவனும் அத்துணை அறிவிலியே. மேலே கொத்மலையில் நீரை மின்னாலைக்குத் திறக்கும்போதும், கீழே பொல்கொல்லை அணையின் கதவுகள் இயங்கும்போதும், வானில் ஒரு துளி மேகம் இல்லாமலே ஆறு உயரும். பொல்கொல்லை அணை 1976இல் இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தின் வழியே மகாவலி நீரின் ஒரு பகுதியை வடக்கே உக்குவெலைக்கும், அங்கிருந்து வறண்ட வயல்களுக்கும் அது திருப்பிவிடுகிறது. அணைக்கு மேலே கண்டியை ஒட்டிய ஆறு, ஓடும் தன்மை குறைந்து நீண்ட குளம்போல் நிற்கிறது. நேற்று முழங்கால் அளவாயிருந்த துறை இன்றும் அவ்வாறே இருக்கும் என்று நம்பி இறங்கி உயிரிழந்தோர் உண்டு. கரையிலே ஒரு கல்லைக் குறியாக வைத்து, அது நனைகிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்வதே தேர்ந்தவர் வழக்கம்.

அங்கே தூண்டிலில் ஏறும் மீன் பெரும்பாலும் திலாப்பியா. இதுவும் வந்தேறியே. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மொசாம்பிக் திலாப்பியாவை 1952இல் இலங்கையின் குளங்களுக்குக் கொண்டுவந்தனர். டிரவுட் சிலருடைய பொழுதுபோக்குக்காக வந்தது. திலாப்பியாவோ பலருடைய சோற்றுக் கோப்பைக்காக வந்தது. கடற்கரை நெடுந்தொலைவில் உள்ள உள்நாட்டு மக்களுக்குக் கருவாடன்றிப் புது மீன் எட்டாதிருந்த காலம் அது. குஞ்சுகளைத் தாய் மீன் வாய்க்குள் வைத்துக் காக்கும் இயல்புடையதாதலால் இம்மீன் விரைவிற் பெருகிற்று. பழைய மன்னர்கள் நெல்லுக்காகக் கட்டிய குளங்கள் மீனுக்கும் விளைநிலமாயின. சேற்று வாசம் உண்டென்று பலர் முகம் சுளிப்பர். உப்பும் தேசிக்காய்ப் புளியும் இட்டு நன்கு தேய்த்துக் கழுவி, கொறுக்காய் சேர்த்து உறைப்பாகக் காய்ச்சினால் அவ்வாசம் இருந்த இடம் தெரியாது.

ஆனால் பேணும் நெறிக்கும் பிடிக்கும் நெறிக்கும் இடையிலிருந்த பழைய அமைதி ஒருமுறை குலைந்தது. 1990ஆம் ஆண்டில், உயிர்க்கொலைக்கு அரசு துணை நிற்றல் ஆகாது என்ற சமயக் கருத்தை ஏற்று, உள்நாட்டு நன்னீர் மீன்பிடிக்கு அளித்துவந்த ஆதரவை இலங்கை அரசு நிறுத்திக்கொண்டது. குஞ்சு பொரிக்கும் நிலையங்கள் கைவிடப்பட்டன. மீனவருக்கு அறிவுரை கூறவும் வலைக்கண்ணின் அளவைக் கண்காணிக்கவும் ஆளில்லாமற் போயிற்று. கருணையினாற் பிறந்த முடிவு அது என்பதில் ஐயமில்லை. விளைந்ததோ வேறு. அரசு விலகியதால் மீன் பிடித்தல் நின்றுவிடவில்லை, வயிறு நிற்கவில்லையல்லவா? கண்காணிப்பு அற்றதும் சிறு கண் வலைகள் பெருகின. வளராத குஞ்சுகளும் வாரி எடுக்கப்பட்டன. குளங்களின் விளைவு வெகுவாகக் குறைந்தது. பெற்றோர் எண்ணிக்கையிற் குறைவான மீனைக் கொன்று பசி தீர்த்த இடத்தில், பிள்ளைகள் அதே நிறைக்குப் பன்மடங்கு உயிரைக் கொல்ல நேர்ந்தது. 1994இல் ஆட்சி மாறியபின் ஆதரவு மீண்டது. 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் நீருயிரின வளர்ப்புக்கென ஒரு தேசிய அதிகார சபையும் பின்னர் அமைந்தது. நான்கு ஆண்டுகளிற் கெட்டதைத் திருத்த அதனினும் நெடுங்காலம் வேண்டியிருந்தது.

கருணை தவறான வழியிற் செல்லும் வேறொரு காட்சியையும் கண்டி வாவி தந்திருக்கிறது. கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்த்த மீன் பெருத்துவிட்டால் அதனைக் கொல்ல மனம் வராது, விற்கவும் இயலாது. புண்ணியமாகப் போகட்டும் என்று இரவிலே கொண்டுவந்து வாவியில் விட்டுவிடுவோர் உளர். அவ்வாறு விடப்பட்டவற்றுள் வட அமெரிக்காவைச் சேர்ந்த முதலைவாய் மீனும் ஒன்று. நீண்ட அலகு, ஊசிப் பற்கள், கவசம்போன்ற செதில். ஆளின் நீளத்துக்கும் மேலாக வளரவல்லது. அது வாவியிற் காணப்பட்டதும், அதனை அகற்ற அதிகாரிகள் முயன்றதும் அண்மைய ஆண்டுகளின் செய்தி. பாண் துண்டு இட்டு வளர்த்த மீன்களை அது ஒவ்வொன்றாக விழுங்கும். மூங்கிற் கழியோடு ஆற்றங்கரையில் அமர்ந்து மாலைக்குள் நான்கு திலாப்பியா பிடித்துச் செல்பவர் மகாவலிக்குச் செய்யும் கேடு, நல்லெண்ணத்தோடு ஒரே ஒரு மீனை நீரில் விட்டுச் செல்பவர் செய்யும் கேட்டுக்கு முன் ஒன்றுமேயில்லை. கொக்கி ஒரு மீனைத்தான் கொல்லும்.

இதனால் நலிபவை ஊருக்கே உரிய மீன்கள். லேபியோ ஃபிஷெரி என்று விலங்கியலார் பெயரிட்ட மலைமீன் ஒன்று உண்டு. உலகில் வேறெங்கும் அது கிடையாது. மகாவலியின் மேற்பகுதியில் மட்டுமே வாழ்கிறது. 1917இல் அது அறிவுலகுக்கு அறிமுகமாயிற்று. பாறைகளுக்கிடையே நீர் விரைந்தோடும் ஆழமான இடங்களில் ஒதுங்கி, கல்லிற் படிந்த பாசியை மேய்வது அதன் இயல்பு. ஆறு ஆறாக ஓடும்வரையே அதற்கு வீடு உண்டு. அணைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, சுழித்தோடிய நீர் தேங்கி நின்றதும், அதன் இடம் சுருங்கிற்று. இன்று அது அழியும் நிலையிலுள்ள இனமாக உலகப் பட்டியலிற் சேர்க்கப்பட்டுள்ளது. புழுவை நாடாததாகையால் தூண்டிலிலும் அரிதாகவே ஏறும். வாய் கீழ்ப்புறம் அமைந்த, கருமை படர்ந்த மீன் ஏதேனும் கைக்கு வந்தால், கையை முதலில் நனைத்துக்கொண்டு, கொக்கியை மெல்லக் கழற்றி, ஓட்டமுள்ள நீரில் விட்டுவிடுவதே தக்கது. உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். அதன்பின் அது பிழைப்பது அரிது.

அணைகளாற் கெட்டது மட்டுந்தானா என்றால் அதுவும் நீதியான கூற்றாகாது. கண்டிக்குக் கிழக்கே 122 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் விக்டோரியா அணை, 1985இல் பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தாட்சர் முன்னிலையில் திறந்துவைக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரமும் சூழவிருந்த ஊர்களும் வயல்களும் அதன் நீருக்குள் மறைந்தன; மக்கள் வேறிடங்களுக்குக் குடிபெயர்ந்தனர். உழுத நிலத்தை இழந்த அப்பகுதியில் மீன் ஒரு புதிய தொழிலாயிற்று. திலாப்பியாவோடு கட்லா, ரோகு முதலிய இந்தியக் கெண்டை இனங்களின் குஞ்சுகளும் நீர்த்தேக்கங்களில் விடப்படுகின்றன. மாலையில் சிறு தோணிகள் புறப்பட்டு வலையை விரித்துவிட்டுத் திரும்பும். விடியுமுன் மீண்டும் சென்று இழுக்கும். குளிர்காற்று மலையிடுக்கில் வீசும் தை மாதத்தில் அவ்விடியற் பயணம் எளிதன்று. நனைந்த வலையை இழுக்கும் விரல்கள் மரத்துப்போகும். தோணிக்குள் சுடு தேநீர்க் குவளை ஒன்றேனும் இருந்தாக வேண்டும். மீனைக் கரையில் நிறுத்து, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வந்திருக்கும் வியாபாரியிடம் கொடுத்தால், காலை எட்டு மணிக்குள் அது மலையோரத்துக் குடியிருப்புகளின் வாசலுக்குப் போய்விடும்.

மழை பொய்த்த ஆண்டுகளில் தேக்கத்தின் நீர் கீழே இறங்கும். அப்போது பழைய தெல்தெனியவின் கட்டட அடித்தளங்களும் சுவர்களும் சேற்றிலிருந்து மெல்லத் தலைகாட்டும். முன்பு அங்கே வாழ்ந்தோர் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அழைத்து வந்து, இது கடைத்தெரு, இது கோயிலுக்குப் போன வழி என்று காட்டிக்கொண்டு நடப்பர். தோணிக்காரர் அந்த வாரங்களில் தம் வலையை இன்னும் கீழே, ஆறு முன்பு ஓடிய தடத்தில், எஞ்சிய நீர் ஆழ்ந்து கிடக்கும் இடத்துக்கு மாற்றிக்கொள்கின்றனர்.